மச்சானை அண்ணனாக்கிய லைப்ரரி

நான் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகும் அலுவலக வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்க உங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. அது மரியாதையா மறதியா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் நீக்கிவிடுவீர்களோ என்ற பயம்தான். அதனால் நீங்கள் போடுகிற சண்டையெல்லாம் எனக்கும் வந்து சேருகிறது. போன கிழமை முழுக்க ஒரே அமளி. புதிய வேலைக்கு, யாரோ எழுதி வைத்த ஆயத்தக் கோட் லைப்ரரிகளில் எதை எடுப்பது என்று இரண்டு கட்சி. ஒரு கட்சி வேகம் என்கிறது, மற்றக் கட்சி பாதுகாப்பு என்கிறது. நடுவில் ஒரு பிள்ளை “மிஸ் சொல்லட்டும்” என்று எழுத, மற்ற எல்லோரும் வரிசையாகக் கைகூப்பும் படம் போட்டுவிட்டீர்கள்.

தீர்ப்பு என்னிடம் இல்லை. உங்கள் இரண்டு லைப்ரரிகளையும் நான் திறந்துகூடப் பார்க்கவில்லை, இனிப் பார்க்கும் எண்ணமும் இல்லை. மட்டக்களப்பில் இருந்துகொண்டு இணையத்தளம் கட்டியும், ஊர் ஊராகப் போய்த் தரவு சேகரித்தும் முடி நரைத்த ஒருத்தியிடம் கதைகளைத் தவிர வேறென்ன இருக்கும்? கருவிகளின் பெயர்களில் பாதி எனக்கு மறந்துவிட்டது. அவற்றோடு மாட்டிக்கொண்டு முழித்த நேரங்கள் மட்டும் நன்றாக நினைவிருக்கின்றன.

முதலில் ஒரு சின்னக் கதை. மீனவக் குடும்பங்களிடம் தகவல் திரட்டுகிற வேலை ஒன்று வந்தது. கேள்விகளைத் தொலைபேசியில் காட்டிப் பதில்களை வாங்கிக்கொள்ள இரண்டு கருவிகள் கைவசம் இருந்தன. ஒன்று அழகி. நிறமும் மினுக்கமும் அசையும் பொத்தான்களுமாக இருந்தாள். மற்றது வெறும் சாம்பல் நிறப் பெட்டி. அலுவலகத்தில் எல்லோரும் அழகியின் பக்கம். நான் இரண்டையும் தூக்கிக்கொண்டு பனிச்சங்கேணிக்குப் போனேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் பதில் சொல்லச் சொல்ல நாங்கள் பதிந்தோம். பாதியில் சிக்னல் போய்விட்டது. சாம்பல் பெட்டி பதில்களைத் தனக்குள் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனது. அழகியோ ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டுக்கொண்டே நின்றாள். அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னகா இது, சுத்திக்கிட்டே நிக்குது? அதுக்குத் தலை சுத்தாதா?” என்று கேட்டாள். அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டோம்.

அலுவலகக் குளிரூட்டிக்குக் கீழே எல்லாக் கருவியும் நல்ல பிள்ளைதான். வெயிலிலும் உப்புக் காற்றிலும் மீன் செதில் ஒட்டிய விரலிலும் அது என்ன செய்கிறது என்று பார்த்த பிறகு சண்டை போடுங்கள். அப்போது சண்டையும் சீக்கிரம் முடிந்துவிடும்.

நான் வேலை பழகிய காலத்தில் கொழும்பில் எனக்கு ஒரு மேலதிகாரி இருந்தார். புதிய கருவி ஒன்றைக் கண்டுபிடித்துத் துள்ளிக்கொண்டு போய் நின்றால், அது என்ன செய்யும் என்று அவர் கேட்கவே மாட்டார். “இதை எப்படிக் கழற்றுவது?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பொருத்துவதற்கு முன்பே கழற்றுகிற பேச்சா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்கிற மனிதர் என்று அவருடைய முதுகுக்குப் பின்னால் பேசியும் இருக்கிறேன். ஆனால் கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி என் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அது எனக்குக் கைகொடுத்த கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

கல்லடிப் பக்கம் கலியாண மண்டபம் நடத்திய சுகந்தி என்ற பெண்மணி ஒருநாள் எங்களிடம் வந்தார். சுறுசுறுப்பென்றால் அப்படி ஒரு சுறுசுறுப்பு. அவர் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வாவியின் இரண்டு கரைக்கும், கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும், பொதுவாக ஒரு கலியாணப் பொருத்த இணையத்தளம் வேண்டும் என்றார். தமிழருக்கு ஒரு பக்கம், முஸ்லிம்களுக்கு ஒரு பக்கம். எங்கோ செய்த பொதுவான தளங்கள் நமக்குச் சரிவராது, நம்முடைய குடி முறையைப் பார்த்துப் பொருத்தம் சொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வேறு மாவட்டங்களிலிருந்து வந்து சேர்ந்திருக்கிற உங்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். இங்கே குடி என்பது தாய் வழியாக வருவது. அம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடியில் பிறந்தவர்கள் உடன்பிறப்பு முறை, அவர்களுக்குள் கலியாணம் இல்லை. அம்மாவும் பெரியம்மாவும் ஒரே குடி என்பதால் பெரியம்மாவின் மகன் அண்ணன். மாமியின் மகனோ, அதாவது அப்பாவின் சகோதரியுடைய மகன், மாமியின் குடி. நாம் அம்மாவின் குடி. ஆகவே அவன் மச்சான், கட்டிக்கொள்ள முழு உரிமை உள்ளவன். தமிழர், முஸ்லிம் இரண்டு பக்கத்தாரிடமும் இந்த முறை உண்டு. இது இங்கே பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அதுதான் வினையாகப் போனது.

வேலைக்கு நாங்கள் மூன்று பேர். நான், காத்தான்குடி ரிஸ்வான், படுவான்கரைப் பழுகாமத்துத் தர்ஷினி. ரிஸ்வான் கோட் எழுதுவதில் சூரன். தர்ஷினி பக்கங்களை வடிவமைப்பாள், ஊர்களுக்குப் போய்க் குடும்பங்களைப் பதிவு செய்வதும் அவள்தான். உறவு முறைகளைக் கணக்குப் போடுகிற பகுதியை நாங்களே எழுதப் போனால் காலம் இழுக்கும் என்று ரிஸ்வான் தேடிப் பார்த்து ஆயத்தமான ஒரு லைப்ரரியைப் பிடித்தான். எங்கோ ஒரு தேசத்தில் யாரோ எழுதி வைத்தது. குடும்பத் தலைவரின் விவரத்தை ஒருமுறை கொடுத்தால் போதும், பிள்ளைகளை வரிசையாக இணைத்துக் குடும்ப மரத்தை அழகாக வரைந்துவிடும்.

நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. யார் எழுதியது, கடைசியாக எப்போது திருத்தியது, பழைய தொலைபேசியில் திறக்கிறதா, உரிமத்தில் ஏதாவது கொக்கி இருக்கிறதா என்று எல்லாம் பார்த்தோம். எப்படிக் கழற்றுவது என்று நான் கேட்டேன். ரிஸ்வான் முகத்தைச் சுளித்துக்கொண்டே, அதை மற்றக் கோடோடு பின்னாமல் தனியாக ஓர் இடத்தில் வைத்தான். பிறகு பொய்க் குடும்பங்களைக் கொடுத்துச் சோதித்தோம். ரிஸ்வான் அவற்றுக்கு மீன்களின் பெயரை வைத்தான். விரால் அப்பா, கெழுத்தி அம்மா, நெத்தலிப் பிள்ளைகள். தமிழ் எழுத்துகளின் கொம்பு கழன்று போகாமல் மரம் அத்தனை துப்புரவாக வந்ததைப் பார்த்து மூன்று பேரும் கைதட்டினோம்.

பிள்ளைக்கு யாருடைய குடி என்று மட்டும் எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. தலைவரின் குடியைப் பிள்ளைகளுக்கு இறக்கிவிடுவது அந்த லைப்ரரியின் வழக்கம். அதை எழுதியவருக்கு அது கேட்கவே தேவையில்லாத விஷயம். அம்மாவின் குடி பிள்ளைக்கு என்பது எங்களுக்குக் கேட்கவே தேவையில்லாத விஷயம். குடும்பத் தலைவர் என்ற பெட்டியைக் கண்டால் இங்கே எல்லோருக்கும் கை தானாக அப்பாவின் பெயரை எழுதும். வெளியூர்க்காரர் யாராவது எங்களோடு இருந்திருந்தால் முதல் நாளே அப்பாவின் குடியா அம்மாவின் குடியா என்று கேட்டுத் தொந்தரவு செய்திருப்பார். எங்கள் மூவருக்கும் அது தாய்ப்பாலோடு வந்த அறிவு, அதனால் வாயில் வரவே இல்லை.

இனித் தர்ஷினியின் விஷயம். அவளுடைய மாமி பூமணி, வாவிக்கு இந்தப் பக்கம் குருக்கள்மடத்தில் இருந்தார். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் சுதாகரன். இணைய இணைப்புத் திருத்துவது அவனுடைய தொழில். மட்டக்களப்பிலேயே எங்கள் அலுவலகத்து இணைப்பைப் போல அக்கறையாகப் பராமரிக்கப்பட்ட இணைப்பு வேறெங்கும் இருந்திருக்காது. பழுதாகாத நாளிலும் அவன் ஏணியோடு வந்து நிற்பான். தர்ஷினி தலையைக் குனிந்து மிக மும்முரமாக வேலை செய்வாள். ரிஸ்வான் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். மச்சானும் மச்சாளும்தானே, தடை என்ன என்று கேட்கலாம். தடை பெரியவர்கள்தான்.

தர்ஷினி பெரியபிள்ளையானபோது நடந்த சடங்கில் முதல் தண்ணீர் வார்க்கும் உரிமை மாமிக்கு. பூமணி மாமி புறப்பட்டுத்தான் வந்திருக்கிறார். பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகு, கச்சான் என்கிற மேல்காற்றில் நடு வாவியில் நின்றுவிட்டது. இங்கே நல்ல நேரம் போகிறதென்று பதறி, தர்ஷினியின் அப்பா பாக்கியராசா வேறொரு பெண்ணைக் கொண்டு தண்ணீர் வார்க்க வைத்துவிட்டார். மாமி வந்து சேர்ந்தபோது பிள்ளையின் தலை துவட்டி முடிந்திருந்தது. ஒரு வாய் சோறும் சாப்பிடாமல் அவர் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

எங்கள் பக்கங்களில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போக வேண்டும். பாக்கியராசாவோ தங்கையின் வாசலை மிதிப்பதில்லை என்று இருந்தார். அந்த நேரம் பார்த்து வெளிநாட்டில் வேலை செய்யும் ஒருவனின் சம்பந்தம் அவருக்கு வந்தது. தர்ஷினி அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் எங்கள் இணையத்தளத்தையே தூக்கி அப்பாவின் முன்னால் வைத்தாள். அது சுதாகரனைப் பொருத்தம் என்று சொன்னால் பிறகு யாரும் யாரிடமும் பணிந்து போனதாக ஆகாதே என்று கேட்டாளாம். அவர் நிறைய யோசித்துவிட்டுச் சொன்னதை அவள் என்னிடம் அப்படியே ஒப்புவித்தாள்.

“கொம்பியூட்டர் சொல்லட்டும். அது சொன்னா நான் கேக்கிறன். அது பொருந்தாது எண்டு சொன்னா வந்த இடத்துக்குச் சொல்லுக் குடுத்திருவன். மறுகா நீ கண்ணக் கசக்கப்படாது.”

பூமணி மாமியும் சுதாகரன் கெஞ்சியதில் பதிவு செய்தார். அவர் விதவை, ஆகவே குடும்பத் தலைவர் பெட்டியில் தன்னுடைய பெயரையே போட்டார். தர்ஷினியின் வாழ்க்கை முழுதும் இப்போது எங்கள் தளம் சொல்லப் போகிற ஒற்றைச் சொல்லில் தொங்கியது. நாங்களோ கொம்பு கழலாத தமிழைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தோம்.

தளத்தைத் தொடங்கி வைக்கும் நாளைச் சுகந்தி ஒரு திருவிழாவாகவே செய்துவிட்டார். பதிவு செய்த குடும்பங்களை மண்டபத்துக்கு அழைத்து, காலையில் தொடக்கம், மதியம் பிரியாணி. பொருத்தங்களைப் பெரிய திரையில் காட்ட வேண்டும் என்று அவர் நின்றபோது நான் மறுத்துவிட்டேன். யாருடைய வீட்டுப் பிள்ளைக்கு யார் என்பது அந்தந்த வீட்டுத் தொலைபேசிக்குத்தான் போகும், திரைக்குப் போகாது என்றேன். அவருக்கு மனத்தாங்கல்தான். ஆனாலும் அன்று வைத்த அந்த ஒரு பிடிவாதத்துக்காக நான் இன்றைக்கும் என் முதுகில் தட்டிக்கொள்கிறேன்.

மண்டபம் நிறைந்தது. பாக்கியராசா தன் மனைவியோடு இடப்பக்கம், பூமணி மாமி மகனோடு வலப்பக்கம். இரண்டு பேரும் மேடையை மட்டுமே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ரிஸ்வான் பொத்தானை அழுத்தினான். மண்டபமெங்கும் தொலைபேசிகள் கிணுகிணுத்தன. எல்லோரும் குனிந்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் புல்லரித்தது.

அந்தப் புல்லரிப்பு அடங்குவதற்குள் ஏறாவூரிலிருந்து வந்திருந்த ஒரு தாய் தொலைபேசியை நீட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார். மகளுக்கு முதல் பொருத்தமாக வந்திருந்த பையனைக் காட்டினார்.

“மிஸ், இது என்ட ராத்தாட மகன். எங்கட ஊட்டுச் சோத்தைத் திண்டு வளந்தவன். இவளுக்கு நானா முறை. இதென்ன வேல?”

ராத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன். அவர் முடிப்பதற்குள் இன்னொருவர் வந்தார், அதே கதை. பெரியம்மா மகனும் சின்னம்மா மகளும். எனக்குத் தலைக்குள் ஏதோ சட்டென்று திறந்துகொண்டது. ரிஸ்வானைப் பார்த்தேன். அவனும் புரிந்துகொண்டு தலையில் கையை வைத்து நின்றான். அக்காவும் தங்கையும் ஒரே குடி, ஆனால் அவர்களின் கணவர்கள் வேறு வேறு குடி. லைப்ரரி பிள்ளைகளுக்குத் தகப்பன்மாரின் குடியைப் போட்டு, அண்ணன் தங்கைகளையெல்லாம் மாப்பிள்ளை பெண்ணாக்கி அனுப்பிக்கொண்டிருந்தது.

அப்போது தர்ஷினி என் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை. அவளுடைய தொலைபேசியில் சுதாகரனின் பெயருக்கு எதிரே “ஒரே குடி. சகோதர முறை. பொருத்தமில்லை” என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவளுக்கு லைப்ரரி போட்டது அப்பாவின் குடி. சுதாகரனுக்குப் போட்டது, தலைவர் பெட்டியில் இருந்த மாமியின் குடி. அப்பாவும் மாமியும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், ஆகவே இரண்டும் ஒன்று. உரிமை மச்சானை எங்கள் தளம் அண்ணனாக்கிவிட்டது.

ரிஸ்வான் என் காதோடு குனிந்தான்.

“மிஸ், தர்ஷினிட ஒரு வரிய மட்டும் கையால மாத்தி அனுப்பட்டா? அவட வாப்பா இன்னம் போனப் பாக்கல்ல.”

அது உண்மைதான். பாக்கியராசா கண்ணாடியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு வரியை மாற்றினால் போதும். அந்தப் பிள்ளையின் கலியாணம் காப்பாற்றப்படும். பிள்ளைகளே, நான் கல் நெஞ்சுக்காரி இல்லை. தர்ஷினியை எனக்கு என் சொந்தப் பிள்ளை போலப் பிடிக்கும். அந்த ஒரு கணத்தில் எனக்கு ஆசை வந்தது. ஆனால் ஒரு வரியை எங்கள் விருப்பத்துக்கு மாற்றிவிட்டால், மண்டபத்திலிருக்கிற மற்ற எல்லா வரிக்கும் நாங்கள் என்ன பதில் சொல்வது? பிழையான கணக்குக்குள்ளே எங்களுக்கு வேண்டிய விடையை மட்டும் சொருகிவிட்டு, நாளைக்கு எந்த வீட்டு வாசலில் நின்று தரவு கேட்பது? அந்தக் கலியாணம் நடந்தாலும் அது எங்கள் கள்ளத்தில் நடந்ததாக இருக்கும்.

“மாத்தாத,” என்றேன். “முழுசையும் கழற்று.”

 தர்ஷினி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.  ரிஸ்வான் அந்த லைப்ரரியை அணைத்தான். தனியாக வைத்திருந்தபடியால் ஊர் ஊராகச் சேர்த்த தரவுகளுக்கு ஒரு கீறலும் விழவில்லை, பொருத்தம் சொல்வது மட்டும் நின்றது. நான் மேடைக்கு நடந்தேன். சுகந்தி குறுக்கே வந்து என் கையைப் பிடித்தார். சேர்வர் கொஞ்சம் மெதுவாக வேலை செய்கிறது, பிரியாணி சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லும்படி கெஞ்சினார். அவருடைய மண்டபம், அவருடைய பெயர், அவரைக் குறை சொல்ல முடியாது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு மைக்கை எடுத்தேன்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இப்ப உங்கட போனுக்கு வந்த பொருத்தம் அவ்வளவும் பிழை. ஒண்டையும் நம்பாதீங்க. நாங்க எடுத்த கருவி, பிள்ளைக்குத் தலைவர்ர குடியைப் போட்டிட்டுது. தாயிர குடி எண்டு அதுக்கு நாங்க சொல்லிக் குடுக்கல்ல.”

 ஏறாவூர்த் தாய் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அது பின் வரிசை வரைக்கும் பரவியது. எல்லோரும் பக்கத்திலிருப்பவர்களின் தொலைபேசியை எட்டிப் பார்த்து, யார் யாருக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாக்கியராசா மட்டும் சிரிக்கவில்லை. அப்போதுதான் கண்ணாடி கிடைத்து அவர் தன்னுடைய தொலைபேசியை வாசித்து முடித்திருந்தார். அவர் எழும்பி நேராக மேடைக்கு வந்தார்.

“பிழை எண்டு சொன்னாச் சரியா? எழுதித்தானே அனுப்பியிருக்கு. என்ட தங்கச்சிர மகன் என்ட மகளுக்கு அண்ணனா? இது எந்த ஊர் ஞாயம்?”

நான் பதில் சொல்வதற்குள் மற்றப் பக்கத்தால் பூமணி மாமியும் மேடையேறி வந்துவிட்டார். அவர் தொலைபேசியிலும் அதே வரி, முகத்தில் அதே கோபம். தன் மகனுக்கு மச்சாள் இல்லை என்று சொல்ல இந்தப் பெட்டி யார் என்று அவரும் என்னைத்தான் கேட்டார். இரண்டு பேரும் என் இரண்டு பக்கத்திலும் நின்று மாறி மாறி என்னை ஏசினார்கள். ஒருவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டினார். என் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக நான் ஏச்சு வாங்கியதில்லை. ஒருவரையொருவர் பார்க்காமல், இரண்டு பேரும் ஒரே கட்சியாக நின்று சண்டை பிடித்தார்கள். பிறகு எப்படியோ பேச்சு என்னைத் தாண்டிப் போனது.

“உரிமைய ஆர்தான் மதிச்ச?” என்றார் மாமி, என்னைப் பார்த்தபடியே. “தண்ணி வாக்க வந்தவள வாசல்ல நிக்கவெச்ச ஆக்கள்தானே.”

“பாத நடு வாவியில நிண்டா நான் என்ன செய்யிற? நல்ல நேரம் போகுதே,” என்றார் பாக்கியராசா, அவரும் என்னைப் பார்த்தபடியே.

“நேரம் போனாப் போகட்டும். ஒரு செம்புத் தண்ணிய எனக்கெண்டு மிச்சம் வெச்சிருக்கலாமே அண்ணன்.”

இதைச் சொல்லும்போது மாமி அவரைப் பார்த்துவிட்டார். குரல் உடைந்துபோனது. அப்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். என் கையிலிருந்த மைக்கை நான் அணைக்கவே இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மண்டபம் முழுக்கச் சிரிப்பு நின்று, எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி அணைக்கவும் எனக்குக் கை வரவில்லை.

பாக்கியராசா குனிந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“அது என்ட பிழதான்,” என்றார். “இப்ப கேக்கிறன். உன்ட மகன என்ட மகளுக்குத் தா.”

பூமணி மாமி சேலைத் தலைப்பால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

“மைக்கில கேட்டாத் தந்திருவனா? ஊட்ட வந்து முறையாக் கேளு.”

மண்டபம் அதிர்ந்தது. யாரோ விசிலடித்தார்கள். சுகந்தி, நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு நின்ற அதே சுகந்தி, சமையல்காரரிடம் பிரியாணியை உடனே இறக்கச் சொல்லிக்கொண்டு ஓடினார். தர்ஷினி என்னைக் கட்டிப்பிடித்து என் தோளில் அழுதாள். நானும் அழுதேன். சுதாகரன் என்ன செய்வதென்று தெரியாமல் மண்டபத்து மின் இணைப்புகளைப் பரிசோதிப்பவன் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்போது உங்களுக்கு. இதை வாசித்துவிட்டு, பிழையான லைப்ரரி எடுத்தால் கலியாணம் கூடிவரும் என்று குழுவில் எழுதிவிடாதீர்கள். அன்று அது கூடிவந்தது அவர்கள் நல்ல மனிதர்கள் என்பதால்தான். நாங்கள் பிழைத்துக்கொண்டது எங்கள் புத்தியாலும் அல்ல. ஆனால் ஒன்றை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். ரிஸ்வான் அந்த ஒரு வரியை மாற்றியிருந்தால், “பொருத்தம்” என்று இரண்டு தொலைபேசிகளுக்கும் ஒழுங்காகப் போயிருக்கும். அண்ணனும் தங்கையும் அவரவர் நாற்காலியிலேயே, மற்றவர் முதலில் பேசட்டும் என்று மேடையைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். கலியாணமும் நடந்திருக்கலாம். அந்தச் செம்புத் தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

ஆகவே உங்கள் இரண்டு கட்சிக்கும் நான் கேட்கச் சொல்வது இதைத்தான். அந்த லைப்ரரியை எழுதியவர் எந்த வீட்டில் இருந்துகொண்டு எழுதினார்? எதைக் கேட்கவே தேவையில்லை என்று அவர் நினைத்தார்? எதைச் சொல்லவே தேவையில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? இந்தக் கேள்விகளுக்கு எந்த இணையப் பக்கத்திலும் நட்சத்திரம் போட்டிருக்காது. உங்களுக்குள் வெளியூர்ப் பிள்ளைகள் இருப்பது பெரிய கொடுப்பினை. அவர்கள் “இது ஏன் இப்படி?” என்று கேட்கும்போது, இதுகூடத் தெரியாதா என்று சிரிக்காதீர்கள்.

அன்று பின்னேரம் வரைக்கும் ரிஸ்வான் எழும்பவே இல்லை. மண்டபத்தின் ஒரு மூலையில் இருந்து, பிரியாணித் தட்டை ஒரு பக்கமும் மடிக்கணினியை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, குடி பார்க்கிற பகுதியைத் தன் கையாலேயே எழுதினான். சின்னக் கோட்தான். தாயைக் கேட்கும், தாயின் குடியைப் பிள்ளைக்குப் போடும், அவ்வளவே. ஆட்கள் கலைந்துகொண்டிருந்த நேரத்தில் அதை ஓடவிட்டுப் பார்த்தான். தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு பாக்கியராசாவிடம் ஓடினான். அவர் தங்கையோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா, இப்ப சரியாச் சொல்லுது. பாருங்க, பொருத்தம் எண்டு போட்டிருக்கு.”

பாக்கியராசா கண்ணாடியைத் தேடக்கூட இல்லை.

“இனி அது சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன மனே,” என்றார். “நாங்க பறைஞ்சு முடிச்சிட்டம்.”